ஜப்பானிய ஏகாதிபத்தியத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

1905-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சுஷிமா ஜலசந்தியில் ருஷ்யாவின் பால்டிக் கடற்படை அழிந்தது. பாதி உலகைச் சுற்றி வந்து சேர்ந்த அந்தப் பெரும் படையை அட்மிரல் டோகோவின் கப்பல்கள் இரண்டே நாட்களில் சிதறடித்துவிட்டன. ஆசிய நாடு ஒன்று ஐரோப்பிய வல்லரசு ஒன்றைப் போர்க்களத்தில் வென்றது என்ற செய்தி, அந்நிய ஆட்சியில் வாடிக்கொண்டிருந்த நாடுகளிலெல்லாம் புதிய நம்பிக்கையை ஊட்டியது. அப்போது பதினைந்து வயதுச் சிறுவராயிருந்த ஜவஹர்லால் நேரு, ஜப்பானின் வெற்றிச் செய்திகளை நாள்தோறும் ஆவலுடன் எதிர்பார்த்திருந்ததைத் தம் சுயசரிதையில் குறிப்பிட்டிருக்கிறார்.

முப்பத்தேழு ஆண்டுகள் சென்றன. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஏப்ரல் மாதத்தில் கொழும்பிலும் திருகோணமலையிலும், நம் நாட்டின் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதற்குள் கொரியா முப்பத்திரண்டு ஆண்டுகளாக ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. சீனாவின் பெருநகரங்கள் பல, ஜப்பானியச் சேனையின் பிடியில் ஐந்தாம் ஆண்டைக் கழித்துக்கொண்டிருந்தன. அந்நியருக்கு அடிமையாகக் கூடாது என்ற உறுதியுடன் விழித்தெழுந்த ஒரு நாடு, அண்டை நாடுகளை அடிமைப்படுத்தும் நாடாக மாறியது எவ்வாறு? இப்பேச்சில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் இதுவே.

ஜப்பானியர் பிறவியிலேயே போர்க்குணம் மிக்கவர்கள், ஆகவே பேரரசு அவர்கள் இரத்தத்தில் ஊறியது என்று கூறுவோர் உண்டு. சரித்திரம் இதை ஒப்பவில்லை. 1603 முதல் 1867 வரை ஜப்பானை ஆண்டது டோகுகாவா மரபு. ஷோகன் என்னும் சேனாதிபதிகளின் ஆட்சி அது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தன் கதவுகளைச் சாத்திக்கொண்ட ஜப்பான், அதன் பின்னர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நிய நாடு எதனுடனும் போர் தொடுக்கவில்லை. சாமுராய் வகுப்பினர் இடுப்பில் வாளைச் செருகியிருந்தனரே தவிர, அவர்களில் பெரும்பாலோர் கணக்கெழுதியும் வரி வசூலித்தும் காலங்கழித்தனர். எனவே காரணத்தை இரத்தத்தில் தேடுவதில் பயனில்லை. காலச் சூழ்நிலையிலும் அரசியல் அமைப்பிலுமே அதைத் தேட வேண்டும்.

முதற்காரணம் அச்சம். 1839 முதல் 1842 வரை நடந்த அபினி யுத்தத்தில், ஆசியாவின் தலைமை நாடாகக் கருதப்பட்ட சீனா பிரிட்டனிடம் தோற்று, ஹாங்காங்கைப் பறிகொடுத்தது. அச்செய்தி ஜப்பானியரைத் திடுக்கிடச் செய்தது. 1853 ஜூலையில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி, நான்கு போர்க்கப்பல்களுடன் யெடோ விரிகுடாவில் வந்து நின்று, துறைமுகங்களைத் திறக்குமாறு கேட்டார். மறுக்கும் வலிமை ஷோகனுக்கு இல்லை. 1858-இல் அமெரிக்காவுடனும் ஐரோப்பிய அரசுகளுடனும் உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. அவற்றின்படி, ஜப்பானிய மண்ணில் குற்றம் செய்த அந்நியனை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்க இயலாது. அவனுடைய நாட்டுக் கான்சலே விசாரிப்பார். இறக்குமதிப் பொருள்களுக்குத் தன் விருப்பப்படி சுங்கவரி விதிக்கும் உரிமையும் ஜப்பானுக்கு இல்லாது போயிற்று.

'சக்கரவர்த்தியைப் போற்றுவோம், அந்நியரை விரட்டுவோம்' என்ற முழக்கம் எழுந்தது. ஆனால் 1863-இல் பிரிட்டிஷ் கப்பல்கள் ககோஷிமா நகரைச் சுட்டெரித்தன. மறு ஆண்டில் நான்கு நாடுகளின் கப்பல்கள் சேர்ந்து ஷிமொனோசெகியின் பீரங்கிகளை வாயடைக்கச் செய்தன. அடிபட்ட சாத்சுமா, சோஷு ஆகிய சிற்றரசுகளின் இளம் சாமுராய்கள் ஒரு பாடம் கற்றனர். அந்நியரை வெறுங்கையால் விரட்ட முடியாது. அவர்கள் கற்ற வித்தையைத் தாமும் கற்ற பிறகே அவர்களுக்கு ஈடாக நிற்க முடியும். அவர்களே 1868-இல் ஷோகன் ஆட்சியை ஒழித்து, பதினைந்து வயதுச் சக்கரவர்த்தியை முன்னிறுத்திப் புதிய அரசை நிறுவினர். மெய்ஜி புனரமைப்பு என்று சரித்திரம் கூறுவது இதையே.

புதிய அரசு மேற்கொண்ட குறிக்கோள் நான்கே எழுத்துக்களில் அடங்கியது. 'வளமான நாடு, வலிய படை' என்று அதைத் தமிழில் சொல்லலாம். மொழிபெயர்ப்பை அன்றாடத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இவ்விரு தொடர்களையும் எவ்வாறு இணைப்பது என்ற ஐயம் எழுவதுண்டு. 'வளமான நாடும் வலிய படையும்' என்றால் இரண்டும் சமமாகின்றன. 'வலிய படைக்காகவே வளமான நாடு' என்றால் பொருளே வேறாகிவிடுகிறது. ஜப்பானின் பிந்திய எழுபது ஆண்டு வரலாறு, முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளை நோக்கிச் சென்ற பயணம் என்றால் மிகையாகாது.

தொடக்கத்தில் அந்த அரசு ஆற்றிய பணிகள் வியக்கத்தக்கவை. 1871-இல் சிற்றரசுகள் ஒழிந்து மாவட்டங்கள் அமைந்தன. 1872-இல் கல்விச் சட்டமும், 1873-இல் கட்டாய ராணுவ சேவையும், நிலத்தின் மதிப்பில் நூற்றுக்கு மூன்று வீதம் ரொக்கமாகச் செலுத்தும் நிலவரியும் வந்தன. மந்திரிகளில் பாதிப் பேர் இவாகுரா பிரபுவின் தலைமையில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுற்றிப் பார்த்தனர். 1873-இல் பெர்லினில் அவர்களுக்கு விருந்தளித்த பிஸ்மார்க், சர்வதேசச் சட்டம் வலியவனுக்குப் பயன்படும் வரையில்தான் மதிக்கப்படும், எளியவனை அது காப்பதில்லை என்ற கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். வந்திருந்தோர் அதை மறக்கவில்லை. அந்தக் காலத்து உலகில், பேரரசுடைய நாடே நாகரிக நாடாக எண்ணப்பட்டது என்பதை நாமும் மறக்கலாகாது.

இரண்டாம் காரணம், அந்த அரசின் அமைப்பிலேயே இருந்த ஒரு பெருங்குறை. 1889-இல் சக்கரவர்த்தி நாட்டுக்கு ஓர் அரசியல் சாசனத்தை அருளினார். பார்லிமென்டும் தேர்தலும் வந்தன. ஆனால் பதினோராம் விதி, தரைப்படைக்கும் கடற்படைக்கும் சக்கரவர்த்தியே தலைவர் என்று கூறிற்று. 1878-லேயே தலைமைப் படைத்தலம் ராணுவ இலாகாவிலிருந்து பிரிக்கப்பட்டு, சக்கரவர்த்திக்கு மட்டுமே பொறுப்பாக்கப்பட்டிருந்தது. ஆகவே படையை நடத்துவதில் பிரதம மந்திரிக்கோ பார்லிமென்டுக்கோ குரலில்லை. சக்கரவர்த்தியோ தாமாக எதையும் தீர்மானிப்பதில்லை என்பது மரபு. படை யாருக்கு அடங்கியது என்று கேட்டால், ஏட்டளவில் சக்கரவர்த்திக்கு. நடைமுறையில் தனக்குத் தானே.

1900-ஆம் ஆண்டில் இன்னொரு முடிச்சும் விழுந்தது. ராணுவ மந்திரியும் கடற்படை மந்திரியும் பணியிலுள்ள தளபதிகளாகவே இருக்க வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது. தரைப்படை தன் தளபதியை விலக்கிக்கொண்டால் மந்திரி சபை கவிழும். புதியவரைத் தர மறுத்தால் சபை அமையாது. 1912-இல் இரண்டு புதிய டிவிஷன்களுக்குப் பணம் தர மறுத்த சையோன்ஜி மந்திரி சபை இவ்வாறுதான் வீழ்ந்தது. மறு ஆண்டில் விதி தளர்த்தப்பட்டபோதிலும், 1936-இல் அது மீண்டும் உயிர்பெற்றது.

இத்தனை குறையிருந்தும் முதல் முப்பது ஆண்டுகளில் விபரீதம் நேராததற்குக் காரணம், இட்டோ, யமகட்டா போன்ற மூத்த ராஜதந்திரிகள் திரைக்குப் பின்னிருந்து கடிவாளத்தைப் பிடித்திருந்ததே. இட்டோ 1909-இல் ஹார்பின் நகரில் கொரிய இளைஞர் ஒருவரால் சுடப்பட்டு மாண்டார். யமகட்டா 1922-இல் மறைந்தார். மனிதர் மறைந்த பின் சட்டத்திலிருந்த ஓட்டை வெளியே தெரிந்தது.

1890 டிசம்பரில், பிரதம மந்திரியாயிருந்த யமகட்டா ஜப்பானின் முதலாவது பார்லிமென்டில் பேசுகையில் இரண்டு கோடுகளைப் பற்றிச் சொன்னார். ஒன்று நாட்டின் ஆட்சி எல்லைக் கோடு. மற்றொன்று, அந்த ஆட்சி எல்லையின் பாதுகாப்புக்கு இன்றியமையாத நல எல்லைக் கோடு. ஆட்சி எல்லையை மட்டும் காத்தால் போதாது, நல எல்லையையும் காக்க வேண்டும் என்பது அவர் வாதம். கொரியாவை மனத்திற்கொண்டே அவர் பேசினார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதத்தில் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. நல எல்லை கைக்கு வந்துவிட்டால் அதுவே ஆட்சி எல்லையாகிறது. உடனே அதைக் காக்க அதற்கப்பால் இன்னொரு நல எல்லை வேண்டியதாகிறது. இனி நாம் காணப்போகும் போர்கள் யாவும் இந்தக் கோடு நகர்ந்துகொண்டே சென்ற கதைதான்.

1894-இல் கொரியாவில் யாருடைய செல்வாக்கு ஓங்குவது என்பது பற்றி ஜப்பானும் சீனாவும் பொருதன. வென்ற ஜப்பானுக்கு 1895 ஏப்ரலில் ஷிமொனோசெகி உடன்படிக்கையால் தைவானும், லியாவோடுங் தீபகற்பமும், 20 கோடி டேல் வெள்ளி நஷ்டஈடும் கிடைத்தன. ஆனால் ஒரு வாரம் கழிவதற்குள் ருஷ்யாவும் ஜெர்மனியும் பிரான்ஸும் ஒன்றுகூடி, லியாவோடுங்கைத் திருப்பித் தருமாறு 'நட்புடன்' அறிவுரை கூறின. ஜப்பான் பணிந்தது. மூன்றே ஆண்டுகளில் அதே தீபகற்பத்தைப் போர்ட் ஆர்தர் துறைமுகத்துடன் ருஷ்யா தன் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது! விறகின்மேல் படுத்தும் பித்தைச் சுவைத்தும் பழியை மறவாதிருந்த பழைய சீன மன்னனின் கதையைப் பத்திரிகைகள் நினைவூட்டின. நஷ்டஈட்டில் பெரும்பகுதி கப்பல்களாகவும் பீரங்கிகளாகவும் மாறியது.

1904-இல் ருஷ்யாவுடன் போர் மூண்டது. ஜப்பானுக்கு வெற்றி கிடைத்தாலும் விலை கொடியது. 80,000-க்கு மேற்பட்ட வீரர் மாண்டனர். லண்டனிலும் நியூயார்க்கிலும் வாங்கிய கடன் தலைக்குமேல் ஏறியது. போரைத் தொடரப் பணமுமில்லை, படையுமில்லை. ஆனால் அரசாங்கம் இந்த உண்மையை மக்களிடம் சொல்லவில்லை. 1905 செப்டம்பரில் போர்ட்ஸ்மத் உடன்படிக்கையில் ஒரு காசு நஷ்டஈடும் கிடையாது என்று தெரிந்ததும், டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் கூடிய கூட்டம் கலகத்தில் இறங்கிற்று. போலீஸ் சாவடிகள் கொளுத்தப்பட்டன. தலைநகரில் ராணுவச் சட்டம் பிறப்பிக்க வேண்டியதாயிற்று.

ஹிபியாக் கலகம் நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. தேசீய வெறி மேலிருந்து மட்டும் ஊட்டப்பட்டதன்று. பள்ளிகளில் 1890-ஆம் ஆண்டின் கல்விப் பிரகடனம் பயபக்தியுடன் ஓதப்பட்டது. ஆபத்துக் காலத்தில் அரசுக்குத் தம்மை அர்ப்பணிக்க வேண்டும் என்று பிள்ளைகள் கற்றனர். அதே பிள்ளைகள் வளர்ந்து, வாக்குரிமையற்ற கூலிகளாகவும் சிறு கடைக்காரராகவும், வரியும் உயிரும் கொடுத்தவர்களாக நின்று, 'எங்கள் தியாகத்துக்கு என்ன பலன்?' என்று கேட்டனர். தியாகத்தின் பெயரால் நிலம் கேட்கும் இந்தக் குரல், பிற்காலத்தில் எந்த அரசியல்வாதியாலும் அடக்க முடியாததாயிற்று. எதிர்த்து நின்றோரும் இல்லாமலில்லை. சீனப் போரை நீதிப் போர் என்று முதலில் ஆதரித்த உச்சிமுரா கன்ஸோ என்ற கிறிஸ்தவ அறிஞர், அதன் விளைவைக் கண்டு வெட்கி, ருஷ்யப் போரை வெளிப்படையாக எதிர்த்தார். ஆனால் அத்தகையோர் சிலரே.

சுஷிமா வெற்றியால் ஆசியா மகிழ்ந்த அதே ஆண்டின் இறுதியில், கொரியா ஜப்பானின் பாதுகாப்பில் வைக்கப்பட்டது. 1910-இல் அந்நாடு முற்றிலும் விழுங்கப்பட்டது. 1919 மார்ச் முதல் தேதி விடுதலை வேண்டி அமைதியாக ஊர்வலம் சென்ற கொரியர் துப்பாக்கிக்கு இரையாயினர். 1915-இல், ஐரோப்பா யுத்தத்தில் மூழ்கியிருந்த வேளை பார்த்து, சீனாவின்மீது இருபத்தொரு கோரிக்கைகளை ஜப்பான் சுமத்தியது. 1916-இல் ஜப்பான் சென்ற ரவீந்திரநாத தாகூர், ஐரோப்பாவின் வெறித் தேசீயத்தைப் பின்பற்ற வேண்டாம் என்று அந்நாட்டு மக்கள் நடுவிலேயே நின்று எச்சரித்தார். முதலில் அவரைக் கொண்டாடியவர்கள், தோற்றுப்போன நாட்டின் கவி என்று அவரை எள்ளினர்.

மூன்றாம் காரணம் அவமானம். உடன்படிக்கைகளின் சமத்துவமின்மை 1899-இலும் 1911-இலும் படிப்படியாக நீங்கியபோதிலும், மேலைநாடுகள் ஜப்பானைச் சமமாக நடத்த மனங்கொள்ளவில்லை. 1919-இல் பாரிஸ் சமாதான மகாநாட்டில், சர்வதேச சங்கத்தின் சாசனத்தில் நாடுகளின் சமத்துவத்தையும், அவற்றின் குடிமக்களைச் சமமாக நடத்துவதையும் ஏற்கும் வாசகம் ஒன்றைச் சேர்க்குமாறு ஜப்பான் கேட்டது. குழுவின் பதினேழு வாக்குகளில் பதினொன்று ஆதரவாக விழுந்தன. எனினும், ஒருமனதாக இல்லை என்று கூறித் தலைவர் வில்ஸன் அதைத் தள்ளினார். ஆஸ்திரேலியாவின் எதிர்ப்பும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் தயக்கமும் அதற்குப் பின்னணி. 1924-இல் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம் ஜப்பானியருக்குக் கதவை அடைத்தது. சமத்துவம் கேட்ட ஜப்பான், கொரியருக்கு அதைத் தரவில்லை என்பது உண்மையே. ஆயினும், வெள்ளையருடன் இணங்கிப் போகலாம் என்று சொல்லிவந்த மிதவாதிகளின் வாயை இச்சம்பவங்கள் அடைத்தன என்பதும் உண்மை.

இவ்வளவும் இருந்தபோதிலும், 1920-ஐ அடுத்த ஆண்டுகளில் ஜப்பான் வேறு வழியில் திரும்பும் என்று நம்ப இடமிருந்தது. 1918-இல் அரிசி விலையேற்றத்தால் நாடெங்கும் கலகம் மூண்டபின், பிரபு வமிசத்தைச் சேராத ஹாரா தகாஷி கட்சித் தலைவர் என்ற முறையில் பிரதம மந்திரியானார். 1922-இல் வாஷிங்டனில் பெரிய போர்க்கப்பல்களை அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் முறையே ஐந்து, ஐந்து, மூன்று என்ற விகிதத்தில் வைத்துக்கொள்ள உடன்பாடு ஏற்பட்டது. 1925-இல் இருபத்தைந்து வயதான ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. ஆனால் அதே ஆண்டில், அரசின் அமைப்பை எதிர்ப்போரைத் தண்டிக்கும் அமைதிக் காப்புச் சட்டமும் வந்தது.

இஷிபாஷி தன்ஸான் என்ற பொருளாதாரப் பத்திரிகையாளர் 1921-இல் ஒரு துணிவான யோசனையை வெளியிட்டார். குடியேற்ற நாடுகள் அனைத்தையும் விட்டுவிடுங்கள் என்றார் அவர். தர்மோபதேசமாக அன்று, கணக்கு வழக்காகவே அவர் வாதாடினார். கொரியா, தைவான், குவாந்துங் ஆகிய மூன்றுடனும் சேர்ந்து நடக்கும் வாணிபத்தைவிட, அமெரிக்கா ஒன்றுடன் மட்டும் நடக்கும் வாணிபம் பெரிதாயிற்றே. சிறியதைக் காக்கப் பெரியதைப் பகைப்பது எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்டார். அவருக்கு விடை சொன்னவரில்லை, செவி சாய்த்தவருமில்லை.

நான்காம் காரணம் பசி. 1930 ஜனவரியில் ஜப்பான் தன் நாணயத்தைப் பழைய மதிப்பில் தங்கத்துடன் பிணைத்தது. உலகப் பொருளாதார மந்தம் தொடங்கிச் சில மாதங்களே ஆன நேரம் அது. புயலில் ஜன்னலைத் திறந்ததற்கு ஒப்பாயிற்று. ஜப்பானிய உழவரின் கைப்பணத்துக்கு ஆதாரம் பட்டுப்பூச்சி. கச்சாப் பட்டில் பெரும்பகுதியை வாங்கிவந்தது அமெரிக்கா. அங்கே வாங்குவோர் அருகவே பட்டின் விலை சரிந்தது. அரிசியின் விலையும் விழுந்தது. சாகுபடி நிலத்தில் ஏறத்தாழப் பாதி குத்தகை நிலமாயிருந்த நாட்டில் இதன் விளைவைச் சொல்ல வேண்டுமா? விளைச்சலும் பொய்த்த வடகிழக்கு மாவட்டங்களில், கடனுக்காகப் பெண்மக்களை நகரத்து விபசார விடுதிகளுக்கு விற்ற குடும்பங்கள் பல.

படையின் சிப்பாய்கள் இக்கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய வீட்டுத் துயரத்தைக் கேட்ட இளம் அதிகாரிகள், முதலாளிகளும் கட்சிக்காரரும் நாட்டைக் கெடுத்துவிட்டனர் என்று கொதித்தனர். அவர்கள் கண்ட நோய் மெய். கண்ட மருந்துதான் நஞ்சு. நிலத்தைப் பங்கிடுவதற்குப் பதிலாக, மஞ்சூரியாவின் பரந்த வெளியையும் நிலக்கரியையும் அவர்கள் கண்முன் கண்டனர். உலக நாடுகள் ஒவ்வொன்றாகச் சுங்கச் சுவர் எழுப்பியதும் அவர்கள் வாதத்துக்கு வலுவூட்டிற்று. இந்தியாவிலேயே பிரிட்டிஷ் அரசு 1933-இல், பிரிட்டனில் நெய்யப்படாத பருத்தித் துணிக்கு விதித்த வரியை நூற்றுக்கு 75 ஆக உயர்த்தியது. ஜப்பானிய ஆலைகள் இந்தியப் பஞ்சை வாங்க மறுத்தன. மறு ஆண்டில் பேச்சு நடத்தி ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். வாணிபப் பூசல்களைப் பேசித் தீர்க்க இயலும் என்பதற்கு இது சான்று. ஆனால் டோக்கியோவில் பேச்சை நம்புவோர் அதற்குள் சிறுபான்மையாகிவிட்டனர்.

ஏனெனில் மஞ்சூரியாவில் துப்பாக்கி முந்திக்கொண்டது. ருஷ்யாவிடமிருந்து பெற்ற ரயில் பாதையைக் காக்க நிறுத்தப்பட்டிருந்த குவாந்துங் சேனை, 1928 ஜூனில் மஞ்சூரியாவின் சீனத் தலைவர் சாங் ட்ஸோ-லின் சென்ற ரயிலைக் குண்டு வைத்துத் தகர்த்து அவரைக் கொன்றது. சதிசெய்த கர்னல் கொமோட்டோவைப் படை நீதிமன்றத்தில் நிறுத்தப் பிரதம மந்திரி டனாகாவால் முடியவில்லை. குற்றம் செய்தவனுக்குத் தண்டனை கிடையாது என்பதை மற்றவர்கள் கவனித்துக்கொண்டனர். 1931 செப்டம்பர் 18-ஆம் தேதி இரவு, முக்டென் நகரருகே ரயில் பாதையில் ஒரு சிறு வெடி வெடித்தது. இஷிவாரா, இடகாக்கி என்ற இரு அதிகாரிகள் திட்டமிட்ட வெடி அது. சீனர் செய்ததாகக் கூறி, மஞ்சூரியா முழுவதையும் கைப்பற்றத் தொடங்கினர். கொரியாவிலிருந்த ஜப்பானியத் தளபதி, சக்கரவர்த்தியின் கட்டளையின்றியே எல்லை தாண்டிப் படையனுப்பினார். நாட்டுச் சட்டப்படி அது பெருங்குற்றம். மந்திரி சபை செய்ததென்ன? நடந்தது நடந்துவிட்டது என்று செலவுக்குப் பணம் ஒதுக்கிற்று!

பத்திரிகைகளும் மக்களும் ஆரவாரித்தனர். மறு ஆண்டில் மஞ்சுகுவோ என்ற பொம்மை அரசு நாட்டப்பட்டது. 1933 பிப்ரவரியில் சர்வதேச சங்கத்தில் நாற்பத்திரண்டு நாடுகள் ஜப்பானின் செயலை ஏற்க மறுத்தன. ஜப்பான் ஒன்றே எதிர்த்து வாக்களித்தது. அதன் பிரதிநிதி மத்ஸுவோகா சபையை விட்டு வெளியேறினார். ஊர் திரும்பியபோது அவருக்கு வீரனுக்குரிய வரவேற்பு கிடைத்தது.

உள்நாட்டில், தடுத்துச் சொல்லக்கூடியவர்கள் ஒருவர் பின் ஒருவராக வீழ்த்தப்பட்டனர். லண்டன் கடற்படை உடன்படிக்கையில் கையெழுத்திட ஒப்பிய பிரதம மந்திரி ஹமகுச்சி 1930 நவம்பரில் சுடப்பட்டு, மறு ஆண்டில் இறந்தார். 1932-இல் முன்னாள் நிதி மந்திரி இனௌயேயும், மித்ஸுயி நிறுவனத்தின் தலைவர் டானும் கொலையுண்டனர். அதே ஆண்டு மே 15-ஆம் தேதி, இளம் கடற்படை அதிகாரிகள் பிரதம மந்திரி இனுகாயின் இல்லத்தில் நுழைந்து அவரைச் சுட்டுக் கொன்றனர். கொலையாளிகளின் விசாரணையின்போது, அவர்களுக்குக் கருணை காட்டுமாறு லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர் என்பது, நாட்டின் மனநிலை எவ்வளவு திரிந்திருந்தது என்பதைக் காட்டும். 1935-இல், சக்கரவர்த்தியும் அரசின் ஓர் உறுப்பே என்று பல்லாண்டுகளாகப் போதித்துவந்த சட்டப் பேராசிரியர் மினோபேயின் நூல்கள் தடை செய்யப்பட்டன. 1936 பிப்ரவரி 26-ஆம் தேதி பனி பெய்த விடியற்காலையில், ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட சிப்பாய்களுடன் இளம் அதிகாரிகள் தலைநகரின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, நிதி மந்திரி தகாஹாஷி முதலியோரைக் கொன்றனர். நாட்டை மந்தத்திலிருந்து மீட்டவர் தகாஹாஷி. ராணுவச் செலவு வளர்வதற்கு அணைபோட்டதே அவர் செய்த குற்றம்.

அந்தக் கலகத்தை அடக்கியே தீர வேண்டும் என்று சக்கரவர்த்தி உறுதியாக நின்றார். கலகம் நான்கு நாட்களில் ஒடுங்கியது. தலைவர்கள் மரண தண்டனை அடைந்தனர். ஆனால் லாபம் பெற்றது படையே. 'எங்கள் சொல்லைக் கேளாவிட்டால் இன்னொரு கலகம் வரும்' என்ற மறைமுக மிரட்டல் தளபதிகளுக்குக் கைவந்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்களே, அதுதான் நடந்தது. 1937 ஜனவரியில், முன்பு படைக்குறைப்புச் செய்த ஜெனரல் உகாகியைப் பிரதம மந்திரியாகுமாறு சக்கரவர்த்தி பணித்தபோது, ராணுவ மந்திரி பதவிக்கு ஆள் தரத் தரைப்படை மறுத்துவிட்டது. உகாகி வீடு திரும்பினார்.

அவ்வாண்டு ஜூலை 7-ஆம் தேதி பீகிங் அருகே மார்க்கோ போலோ பாலத்தில் நிகழ்ந்த சிறு மோதல் பெரும் போராக விரிந்தது. டிசம்பரில் நான்கிங் வீழ்ந்தபோது அந்நகர மக்களும் சரணடைந்த வீரரும் பட்ட கொடுமை உலகையே நடுங்கச் செய்தது. ஆனால் சீனா பணியவில்லை. புலிவாலைப் பிடித்தவனின் நிலை ஜப்பானுக்கு வாய்த்தது. 1940 பிப்ரவரியில் சைட்டோ தகாவோ என்ற பார்லிமென்ட் அங்கத்தினர் எழுந்து, இந்தப் போரின் நோக்கம் என்ன, 'புனிதப் போர்' என்ற பெயரால் மக்களின் தியாகத்தை மூடி மறைப்பது தகுமா என்று ஒன்றரை மணி நேரம் கேட்டார். சபை அவருக்கு விடை கூறவில்லை, அவரையே வெளியேற்றியது. 1942-இல் அரசாங்கத்தின் ஆதரவின்றி நின்ற அவரை அவருடைய தொகுதி மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். கேட்கும் செவிகள் முற்றிலும் அடைபட்டுவிடவில்லை என்பதற்கு இது சாட்சி.

சீனப் போரை முடிக்க எண்ணெயும் ரப்பரும் வெள்ளீயமும் வேண்டும் என்று கோடு தெற்கே நகர்ந்தது. 1940-இல் வட இந்தோசீனா, 1941 ஜூலையில் தென் இந்தோசீனா. அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. ஜப்பானின் எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. சீனாவிலிருந்து விலகினால் சமாதானம் கிட்டலாம் என்ற நிலையில், 1941 அக்டோபரில் ராணுவ மந்திரி டோஜோ மந்திரி சபையில் வாதாடியதன் சாரம் வருமாறு: சீனாவை விட்டால் மஞ்சுகுவோவுக்கு ஆபத்து; மஞ்சுகுவோ போனால் கொரியாவின் ஆட்சி ஆடும்; இதுவரை மாண்டவர்களின் தியாகமும் வீணாகும். யமகட்டாவின் கோடு ஐம்பத்தோரு ஆண்டுகளில் எங்கு வந்து சேர்ந்தது பாருங்கள்! கொரியாவைக் காக்க மஞ்சூரியா, மஞ்சூரியாவைக் காக்க சீனா, சீனாவை வெல்லத் தென்கடல், தென்கடலை அடையப் பேர்ல் துறைமுகம். சில நாட்களில் டோஜோவே பிரதம மந்திரியானார். டிசம்பரில் பசிபிக் யுத்தம் மூண்டது.

'ஆசியா ஆசியருக்கே' என்பது அன்று ஜப்பான் உயர்த்திய கொடி. அதை நம்பியோரும், தம் நாட்டு விடுதலைக்கு அதைப் பயன்படுத்த முயன்றோரும் உண்டு. ஐரோப்பிய ஆதிக்கம் கீழ்த்திசையில் மீண்டும் வேரூன்றாதபடி அந்தப் போர் அசைத்துவிட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கொடியின் நிழலில் ஆசியர் பட்ட பாடு என்ன? சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதையை அமைக்க, மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரைத் திரள் திரளாகக் கொண்டு சென்றனர். காலராவுக்கும் பசிக்கும் அடிக்கும் இரையாகிப் பல்லாயிரவர் அக்காட்டிலேயே மடிந்தனர். யுத்தக் கைதிகளின் கல்லறைகளில் பெயர் பொறித்திருக்கிறது. அத்தொழிலாளரில் மிகப் பலருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அணுகுண்டால் அழிந்தன. அம்மாதம் 15-ஆம் தேதி, ஜப்பான் பணிந்ததைச் சக்கரவர்த்தி தாமே வானொலியில் அறிவித்தார். ஏறத்தாழ முப்பது லட்சம் ஜப்பானியர் அந்த யுத்தங்களில் மாண்டனர். சீனாவில் மாண்டவர் தொகை அதைவிடப் பல மடங்கு.

காரணங்களைத் தொகுத்துக் காண்போம். அச்சம் ஜப்பானை விழிக்கச் செய்தது. அவமானம் அதைக் கசப்புறச் செய்தது. பசி அதைப் பொறுமையிழக்கச் செய்தது. இம்மூன்றும் வேறு பல நாடுகளையும் வாட்டியவையே. ஆனால், போதும் நிறுத்து என்று படையைப் பார்த்துச் சொல்லும் அதிகாரம் எவரிடமும் இல்லாத ஓர் அமைப்பில் அவை வந்து சேர்ந்ததுதான் கேட்டுக்கு விதையாயிற்று. 1947-இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானின் புதிய சாசனம், போரைத் துறந்ததோடு நில்லாமல், மந்திரிகள் அனைவரும் படையைச் சாராத குடிமக்களாகவே இருக்க வேண்டும் என்றும் விதித்தது. பழைய சாசனத்தின் ஓட்டை எங்கிருந்தது என்பதை அந்த விதியே சுட்டிக்காட்டுகிறது.

இறுதியாக, பேரரசு இல்லாவிட்டால் ஜப்பானியர் வாழ வழியில்லை என்ற பழைய வாதத்தின் கதியையும் பார்த்துவிடலாம். 1930-இல் ஜப்பானின் மக்கள்தொகை சுமார் ஆறரைக் கோடி. அந்தச் சிறு தீவுகள் அத்தனை பேரைத் தாங்கா என்றே மஞ்சூரியாவைக் கேட்டனர். யுத்தத்துக்குப் பின் கொரியா போயிற்று, தைவான் போயிற்று, மஞ்சூரியாவும் போயிற்று. நிலச் சீர்திருத்தத்தால் குத்தகையாளர் தம் நிலத்துக்குத் தாமே உரியவராயினர். 1967-இல் பத்துக் கோடியை எட்டிய மக்கள், அதே தீவுகளில், முன்னோர் கண்டறியாத வளத்துடன் வாழ்ந்தனர். குடியேற்ற நாடுகளை விட்டுவிடுங்கள் என்று 1921-இல் கணக்குப் போட்டுக் காட்டிய இஷிபாஷி தன்ஸான், 1956 டிசம்பரில் அந்நாட்டின் பிரதம மந்திரியானார். அவருடைய கணக்கு சரியென்று மெய்ப்பட முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அதற்குக் கொடுத்த விலையோ, கணக்கில் அடங்காதது.